எஸ்ஜிஓடியும் பிளேட்லெட்டும்: கல்லீரல் தழும்புக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்களின் கல்லீரலில் தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை, ஊசி போட்டுத் திசு எடுக்காமலே மதிப்பிடும் கணக்குகளில் ஃபிப்-4, ஏப்ரி ஆகிய இரண்டும் மலிவானவை. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் ஏறும் இரு நொதிகள்), பிளேட்லெட் (இரத்தத் தட்டணுக்கள்), வயது ஆகியவை தெரிந்தால் போதும். குடியாத்தத்தில் ஒரு சிறிய ஆய்வகம் தரும் அறிக்கையை வைத்தே கணக்கிட்டுவிடலாம்.

முதல் சறுக்கல் அலகில்தான். நம் ஊர் அறிக்கைகள் பிளேட்லெட்டை லட்சத்தில் தருகின்றன. சூத்திரமோ ஆயிரத்தில் கேட்கிறது. ஆகவே 1.6 லட்சத்தை 160 என்று எழுத வேண்டும். 48 வயது லுங்கி நெசவாளர் ஒருவருக்கு எஸ்ஜிஓடி 64, எஸ்ஜிபிடி 49 என்று வைத்துக்கொள்வோம். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கினால் 3072. 49-இன் வர்க்கமூலமாகிய 7-ஐ 160-ஆல் பெருக்கினால் 1120. வகுத்தால் ஃபிப்-4 மதிப்பு 2.74. இது 1.45-க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 3.25-க்கு மேல் போனால் அதிகம். இடையில் நிற்கும் 2.74-ஐப் ‘பாதித் தழும்பு’ என்று படிப்பது பெரும்பிழை. ‘இந்தக் கணக்கால் முடிவு சொல்ல இயலாது, ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் சோதனை) பாருங்கள்’ என்பதே அதன் பொருள்.

இரத்தம் எடுக்கும் நாளும் முக்கியம். அதே நெசவாளருக்கு டெங்கு வந்து பிளேட்லெட் 60 ஆயிரமாக இறங்கி, எஸ்ஜிஓடி 150, எஸ்ஜிபிடி 100 என ஏறினால் ஃபிப்-4 மதிப்பு 12 ஆகிவிடும். ஒரு வாரத்தில் எந்தக் கல்லீரலும் அவ்வளவு தழும்பேறாது. காய்ச்சல் தணிந்து எண்கள் பழைய நிலைக்கு வந்த பிறகே கணக்கிட வேண்டும். மதுவும் எஸ்ஜிஓடியை ஏற்றும் என்பதால் அதையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

பழைய எல்லைகளையே பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. ஹெபடைடிஸ் பி நோயில் ஏப்ரி 2-ஐத் தாண்டினால் சிரோசிஸ் (கல்லீரல் முழுவதும் தழும்பேறிய முற்றிய நிலை) என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்திருந்தது. 2024-இல் அதை 1 ஆகக் குறைத்ததோடு, 0.5-ஐத் தாண்டியவர்களுக்கே சிகிச்சை தொடங்கலாம் என்றது. எஸ்ஜிஓடியின் உச்ச இயல்பளவு 40 என்றால், நம் நெசவாளரின் 64-ஐ 40-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிளேட்லெட் 160-ஆல் வகுக்க, ஏப்ரி சரியாக 1. ஃபிப்-4 முடிவு சொல்லாமல் விட்டாலும், அவருக்கு இருப்பது ஹெபடைடிஸ் பி என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடக் காரணமில்லை.

எஸ்ஜிபிடி இயல்பாக இருக்கிறது, மஞ்சள் காமாலையும் இல்லை என்று நிம்மதியடைவதும் சரியல்ல. சிரோசிஸ் வந்த பிறகும் எஸ்ஜிபிடி இயல்பளவில் நிற்கக்கூடும். ஹெபடைடிஸ் சி மருந்தால் குணமானதும் இவ்வெண்கள் சரசரவென இறங்கும். அழற்சி அடங்கியதையே அது பெரும்பாலும் காட்டுகிறது. முன்பே சிரோசிஸ் இருந்தவர்கள் புற்றுநோய்க்கான அல்ட்ராசவுண்ட் பரிசோதனையை 6 மாதத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும்.