புதுப் பூங்கா: வரைபடம் முடியும் முன்பே பத்தாண்டுப் பராமரிப்பை எழுதுங்கள்

திறப்பு விழா முடிந்தபின் பராமரிப்பைப் பற்றி யோசித்தால் பாதி முடிவுகள் கைமீறிப் போயிருக்கும். எவ்வளவு புல், எத்தனை மரம் என்பதைத் தண்ணீரும் ஆண்டுச் செலவும்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். கோடையில் புல்தரைக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர் தேவை. 9,000 லிட்டர் லாரி இரண்டு நடை அடித்தாலும் போதாது. போர்வெல்லை மே மாதத்தில் சோதியுங்கள். நவம்பர் மழையில் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். 200 லிட்டர் டிரம் நிரம்பப் பத்து நிமிடம் ஆகிறதென்றால், அந்த ஒரு ஏக்கருக்கே மோட்டார் சுமார் 17 மணி நேரம் ஓட வேண்டும். கட்டுப்படியாகாவிட்டால் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் மட்டும் புல் போதும்.

மரத்துக்கு முதல் மூன்று ஆண்டுகள்தான் கண்டம். நட்ட எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் ஒப்பந்ததாரர் நட்டுவிட்டுப் போய்விடுவார். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் உயிரோடிருக்கும் கன்றுகளை எண்ணி, அதற்கேற்பத் தவணை விடுவியுங்கள். பட்டுப்போனதற்கு ஈடாக அதே வகையில், அதே உயரக் கன்று வைக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முட்டுக்கம்பில் கட்டிய கயிற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்த்தாவிட்டால் அது பட்டைக்குள் இறங்கிவிடும்; பின்னால் காற்றில் மரம் அந்த இடத்தில்தான் முறியும். சென்னையில் 2016 டிசம்பர் வர்தா புயலில் குல்மோகரும் பெருங்கொன்றையும் நிறையவே சாய்ந்தன. புயல் அடிக்கும் ஊரில் பூவரசு, புன்னை, புங்கன் பக்கம் போவதே நல்லது. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் பேவர் பிளாக் வேண்டாம்.

குழாய்ப் பள்ளத்தை மூடும் முன், சுற்றுச்சுவரிலிருந்து டேப் பிடித்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கசிவுக்குப் பூங்காவையே தோண்ட நேரிடும்.

பணத்துக்கு எளிய வழி: ஒவ்வொரு பொருளின் விலையையும் அதன் ஆயுளால் வகுங்கள். ஆறாண்டு உழைக்கும் 60,000 ரூபாய் மோட்டாருக்கு ஆண்டுக்கு 10,000 ஒதுக்க வேண்டும். விளக்கு, ஊஞ்சல், கழிப்பறைக் கதவு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஊஞ்சல் சங்கிலியையும் போல்ட்டையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மழைநீர்த் தொட்டி தூர்வாருவதும் காய்ந்த கிளை கழிப்பதும் செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும்.

ஐந்தாறு ஆண்டில் நிழல் விழுந்து மரத்தடிப் புல் மெலியும். பலரும் அதைப் பராமரிப்புக் குறை என்று நினைத்து மறுபடி புல் பதிப்பார்கள், அது வீண்செலவு. அங்கே சருகை மூடாக்காகப் பரப்ப வேண்டும் என்று இப்போதே திட்டத்தில் எழுதிவையுங்கள்.