ஒயிட் டவுன் வீட்டுச் சுவர்ல உப்பு பூத்தது, என் அனுபவம்

பாண்டிச்சேரி ஒயிட் டவுன்ல மாமனாரோட பழைய வீட்ல இருக்கோம், 1761ல பிரிட்டிஷ்காரன் இடிச்சுப் போட்டப்புறம் பிரெஞ்சுக்காரங்க திரும்ப கட்டுன ஏரியா, தெருவெல்லாம் ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், பாக்க கெத்துதான். ஆனா ஹால் சுவர் கீழ மூணடிக்கு உப்பு பூத்து பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிஞ்சு உதிரும். ரெண்டு தடவ பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சேன், தண்டம்.

அப்புறம் வயசான கொத்தனார் ஒருத்தர் தட்டிப் பாத்துட்டு "உள்ள செங்கல்லும் சுண்ணாம்பும், மேல எவனோ சிமென்ட் பூசியிருக்கான், ஈரம் வெளிய வர வழியில்ல தம்பி"ன்னாரு. சிமென்ட்ட கொத்தி எடுத்து (வீடு பூரா தூசி, வீட்டம்மா ஒரு வாரம் பேசல) ரெண்டு மாசம் காயவிட்டு, கடுக்காய் தண்ணி ஊத்தி குழைச்ச சுண்ணாம்புக் காரை பூசி, மேல வெறும் வெள்ளை மட்டும் அடிச்சோம். இந்த மழைக்கு உதிரல. ஒரு மூலைல மட்டும் லேசா ஈரம், அது வெளிய மழைத்தண்ணி பைப் உடைஞ்சதால, அடுத்து அதப் பாக்கணும்.