மீளப் பறக்கும் ரொக்கெட் மலிவானதா: கணக்கிடும் முறை

ரொக்கெட்டின் அடிப்பகுதியான முதற்கட்டத்தைத் தரையிறக்கி மீண்டும் ஏவுவது செலவைக் குறைக்கிறதா என்பதை, யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கும் எந்த மாணவரும் தாளில் கணக்கிட்டு அறியலாம். ஒப்பிட வேண்டியது, சுற்றுப்பாதையை அடையும் ஒவ்வொரு கிலோகிராமுக்குமான செலவு.

முதலில் சுமை (சுற்றுப்பாதைக்குக் கொண்டுசெல்லப்படும் பொருளின் எடை) எவ்வளவு இழக்கப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கான எரிபொருள், தரையிறங்கும் கால்கள், திசைதிருப்பும் சிறகுகள் ஆகியவற்றின் எடை சுமையிலிருந்தே கழிகிறது. ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் பல்கன் 9 ரொக்கெட் முழுவதும் கைவிடப்பட்டால் தாழ் புவிச் சுற்றுப்பாதைக்கு 22,800 கிலோகிராம் செல்லும். அந்நிறுவனத்தின் இணையச் சேவைச் செய்மதிகளான ஸ்டார்லிங்கை ஏற்றிச் சென்று, முதற்கட்டம் கடலிலுள்ள மேடையில் இறங்கும் ஏவல்களில் ஏறத்தாழ 17 தொன் செல்கிறது. எனவே விகிதத்தை 0.75 எனக் கொள்ளலாம். (பாதை மாறினாலும் சுமை குறையும். எமக்கு வடக்கே ஏறத்தாழ 450 கிலோமீற்றரிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் இந்திய ரொக்கெட்டான பி.எஸ்.எல்.வி., இலங்கையின் மேலாகப் பறக்காதிருக்க வளைந்து செல்வதால் சுமையில் ஒரு பகுதியை இழக்கிறது. தமிழ்நாட்டின் தென்கரையிலுள்ள குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் அமைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

முதற்கட்டத்தை மட்டும் மீட்பதற்கும் காரணம் உண்டு. இரண்டாம் கட்டத்தில் ஒரு கிலோகிராம் கூடினால் சுமையில் ஒரு கிலோகிராம் முழுதாகக் குறையும். முதற்கட்டத்தில் அதே எடை கூடினால் இழப்பு அதில் ஒரு சிறு பங்கே.

இனி, கைவிடும் ரொக்கெட்டின் மொத்தச் செலவை 100 பங்கு எனவும், அதில் முதற்கட்டம் 60, எஞ்சியவை 40, ஒவ்வொரு பறப்புக்குமான மீட்பும் பழுதுபார்ப்பும் 10 எனவும் எடுகோளாகக் கொள்ளுங்கள். ஒரு கட்டம் n முறை பறந்தால், அதே சுமைக்கான செலவு (60/n + 50) ÷ 0.75 ஆகும். இரண்டு பறப்புகளில் இது 107, மூன்றில் 93, பத்தில் 75, இருபதில் 71. பத்துக்குப் பின் இலாபம் மிக மெதுவாகவே வளர்வதையும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படும் இரண்டாம் கட்டமே அதற்குத் தடையாவதையும் கவனியுங்கள்.

அடுத்து, பழுதுபார்ப்பின் 10 பங்கை 40 ஆக்குங்கள். பத்துப் பறப்புகளுக்குப் பின்னரும் விடை 115; கைவிடுவதே மலிவு. 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்த, மீளப் பயன்படுத்தப்பட்ட அமெரிக்க விண்வெளி ஓடம் இந்த இடத்தில்தான் இடறியது: அதன் 20,000க்கும் மேற்பட்ட வெப்பக்காப்பு ஓடுகளை ஒவ்வொரு பயணத்தின் பின்னரும் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

பலரும் தவறவிடும் கடைசிப் படியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முதற்கட்டத்தின் 60 பங்கில் 40, தொழிற்சாலையின் சம்பளம், கட்டடம் போன்ற நிலையான செலவு என்றும், 20 மட்டுமே மூலப்பொருள் என்றும், இவை ஆண்டுக்கு 6 ஏவல்களுக்கான அளவுகள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டமும் பத்து முறை பறந்தால் ஆண்டுக்கு ஒரு கட்டம்கூடத் தேவைப்படாது. ஆனால் சம்பளம் குறையாது. ஆகவே செலவு (40 + 2 + 50) ÷ 0.75, அதாவது 123. அதே தொழிற்சாலை ஆண்டுக்கு 60 ஏவல்களுக்கு உழைத்தால் 40 பங்கு 4 ஆகி, விடை 75க்கு இறங்கும். அத்தனை ஏவல்களுக்கு வெளி வாடிக்கையாளர்கள் போதாதபோது, ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்துக்கு அவ்வெண்ணிக்கையைத் தந்தவை அதன் சொந்த ஸ்டார்லிங்க் செய்மதிகளே.