நூபுர கங்கைக்குப் போகும் முன் பத்து நிமிடம் சிலப்பதிகாரம்

மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் அழகர்கோவில். பெரும்பாலோர் கள்ளழகரைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு மலைமேல் உள்ள சுனைக்கும் போய் வாருங்கள். வழியிலேயே பழமுதிர்சோலை, அதைத் தாண்டினால் ராக்காயி அம்மன் சன்னிதியும் நூபுர கங்கைத் தீர்த்தமும்.

கிளம்பும் முன் சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையைப் புரட்டிவிடுங்கள். கோவலனுக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன் இந்த மலையில் மூன்று பொய்கைகளைச் சொல்கிறான்: புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி. முதலாவதில் மூழ்கினால், இந்திரன் செய்ததாகச் சொல்லும் ஐந்திர இலக்கணமே கைவருமாம்! இரண்டாவது பழம்பிறப்பைக் காட்டும், மூன்றாவது நினைத்ததைத் தரும். கோவலன் கண்ணகியோடு வரும் சமணத் துறவி கவுந்தியடிகள் இதற்கெல்லாம் மசியவில்லை, எதுவும் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். எனக்குப் பிடித்த இடம் அதுதான். பெரியாழ்வார் பாடும் ‘சிலம்பாறு’ம் இந்த நூபுர கங்கை நீரோட்டமே; நூபுரம் என்றாலும் சிலம்புதான்.

காலையிலேயே போய்விட்டால் வெயிலும் கூட்டமும் குறைவு. நடந்து ஏறுவதானால் சுனைக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர். மாற்றுத்துணி கட்டாயம், படிகள் ஈரமாக இருக்கும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பார்த்துக்கொண்டே இருக்கும். குளிக்கும்போது சோப்பும் ஷாம்பும் வேண்டாம். அழகர் திருமஞ்சனத்துக்குப் போவதும் இந்தத் தண்ணீர்தான். இறங்கி வந்ததும் கோயிலில் அழகர் தோசை கேட்டுப் பாருங்கள்.