மும்பைப் பாறைக் கரையில் வற்றம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பௌர்ணமியை ஒட்டிய வாரக்கடைசிகளில் ஹாஜி அலி, கார்ட்டர் ரோடு பாறைகளில் இப்போதெல்லாம் புது முகங்கள் நிறைய. வற்றத்தில், அதாவது கடல் இறங்கி நிற்கும் நேரத்தில், பாறையில் வெளிப்படும் உயிர்களைப் பார்க்க வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். வழுக்கும் செருப்பு, நனைந்த போன் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை விழுந்தால் தானே தெரிந்துவிடும்.

நேரத்தை மட்டும் பார்ப்பது

கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் மீட்டர் கணக்கு ஒன்று இருக்கும், தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கும் என்பது அது. முதலில் அதைப் பாருங்கள், வற்றத்தில் அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு பாறை வெளியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் தண்ணீர் நன்றாக ஏறும், நன்றாக இறங்கும். மும்பையில் அந்த நாட்களில் ஏற்றம் நடுப்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும், வற்றம் காலையிலும் மாலையிலும் ஆறேழு மணிவாக்கில். அரைநிலா நாட்களிலோ வற்றம் நடுப்பகலில் விழும். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் போகலாம் என்று ஆசை காட்டும், போனால் அட்டவணையில் 1.8 மீட்டர் என்றிருக்கும், பார்க்க வேண்டிய பாறையெல்லாம் தண்ணீருக்குள், வெயில் மட்டும் மிச்சம்.

வற்ற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வது

ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய், இறங்கும் தண்ணீரோடு இறங்குங்கள். ஏற்றம் முதல் ஒரு மணி நேரம் சோம்பலாகத்தான் வரும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும், நாலு மீட்டர் ஏறுகிற நாளில் அது இரண்டு மீட்டர். அதுவும் கண்ணெதிரே வராது, முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் நிரம்பும்.

கல்லைப் புரட்டிவிட்டு அப்படியே போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தண்ணீர் இறங்கிய பிறகு பாறையின் மேல் மாட்டிக்கொள்ளும் உயிர்கள் அதற்குத் தயாராகவே இருக்கின்றன. பாறையில் ஒட்டி வாழும் ஓட்டு உயிரான கொட்டலசு மூடியை இறுக்கிக்கொள்ளும், நத்தை கொஞ்சம் ஈரத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிர் கைகளை உள்ளிழுத்துச் சுருண்டுவிடும். கல்லுக்கு அடியில் இருப்பவற்றுக்கு இந்த வித்தை கிடையாது. கடற்பஞ்சு, தட்டைப்புழு, மீன் ஒட்டிவைத்த முட்டை எல்லாவற்றுக்கும் அந்த நிழலும் ஈரமும்தான் காப்பு. புரட்டிப் போட்டால் கீழே இருந்தது காய்ந்து சாகும், மேலே இருந்த பாசி வெளிச்சமில்லாமல் அழுகும். ஒரு கல்லில் இரண்டு பக்கமும் காலி.

போன வருஷம் ஒரு கல்லூரிக் கூட்டம் வந்தது. ஒரு பையன் தோசைக்கல் அகலத்தில் ஒரு கல்லைப் புரட்டினான். அடியில் ஆரஞ்சு நிறத்தில் கடற்பஞ்சு, அதன் ஓரமாக நகக்கண் அளவு நண்டு ஒன்று ஒளிய இடம் தேடி ஓடியது. வீடியோ எடுத்து முடித்ததும் அடுத்த கல்லுக்குத் தாவினான். "தம்பி, திருப்பி வச்சிட்டுப் போ" என்றால், "அலை வந்து புரட்டிடும்ணா" என்கிறான். அலை புரட்டாது. அந்தக் கனத்தை அசைக்க மழைக்காலத்துக் கொந்தளிப்பு வேண்டும். அவனை நிறுத்தி அதை மட்டும் திருப்பி வைக்கச் சொல்ல முடிந்தது. அடுத்த அமாவாசைக்குப் போனபோது மற்றவர்கள் புரட்டியவை அப்படியே கிடந்தன. பஞ்சு வெளுத்து மொறுமொறுவென்று, கிட்டே போனால் நாற்றம்.

பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கையால் தூக்க முடிகிற கல்லை மட்டும் தொடுங்கள். அடியில் முட்டை தெரிந்தால் உடனே மூடுங்கள், இல்லையென்றால் அரை நிமிடம் பார்த்துவிட்டு அதே இடத்தில், அதே பக்கமாக, நண்டு நசுங்காமல் இறக்குங்கள். பாதி புதைந்த கல்லை விட்டுவிடுங்கள்.

நேற்றைய நேரத்தை நம்புவது

வற்ற நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

கூம்புச் சங்கைக் கையில் எடுப்பது

வேண்டாம். உள்ளே ஆள் இருந்தால் விஷ ஊசி, காலியாக இருந்தால் அது துறவி நண்டுக்கு வீடு.

பச்சையாக இருப்பதெல்லாம் பாசி என்று மிதிப்பது

பொத்தான் பொத்தானாக, நெருக்கமாகப் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் சோவாந்திட், கடல் சாமந்திக்குச் சொந்தக்கார உயிர். சில வகைகளில் கடும் நஞ்சு உண்டு என்பதால் வெறும் கையாலும் தடவிப் பார்க்காதீர்கள், சுற்றிப் போங்கள்.