பூனை நகம் உதிர்ந்து கிடந்தால் பதற வேண்டாம்

வீடு கூட்டும்போது பிறை வடிவில், மெல்லிசாக, நுனி கூராக ஏதோ ஒன்று தட்டுப்படும். எடுத்துப் பார்த்தால் பூனை நகம். நகமே பிய்ந்து வந்துவிட்டது என்று பதறிப்போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே காலியாக, உறை மாதிரி இருந்தால் சரி, ஒன்றும் ஆகவில்லை. பூனை நகம் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வளர்வது. உள்ளே புது அடுக்கு தயாரானதும் மேலே தேய்ந்துபோன பழைய அடுக்கு கழன்று விழும், அடியில் ஊசி மாதிரிப் புது நகம் இருக்கும். முன்கால் உறைகள் பெரும்பாலும் பிறாண்டும்போதே கழன்றுவிடும். பின்கால்களுக்குப் பல்தான் கருவி: காலை நீட்டி வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்து இழுக்கும், பார்க்கிற நமக்குத்தான் பல் கூசும். முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு என்று மொத்தம் 18 நகங்கள் (கூடுதல் விரலோடு பிறப்பவையும் உண்டு), அதனால் அவ்வப்போது ஒன்றிரண்டு கிடைப்பது சகஜம்.

ஆனால் ரத்தம் இருந்தாலோ, நகம் அடியோடு கெட்டியாக வந்திருந்தாலோ, விரல் வீங்கி, பூனை நொண்டினாலோ, ஒரே பாதத்தை ஓயாமல் நக்கினாலோ அது காயம். டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

சோபாவைப் பிறாண்டுகிறது என்று திட்டிப் பயனில்லை. உறையைக் கழற்ற, உடம்பை முறுக்கி நீட்ட, பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையை அங்கே பதிக்க என்று அதற்கு ஆயிரம் வேலை. முரட்டுக் கயிறு சுற்றிய ஒரு கம்பம் வையுங்கள், பூனை பின்காலில் நின்று முழுசாக நீட்டினாலும் எட்டாத உயரம், இழுத்தால் ஆடாத அடிப்பாகம். ஒரு தடவை ஆடிவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே போகாது. மூலையில் ஒளித்து வைக்காமல் அது இப்போது பிறாண்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் சீக்கிரம் பழகும்.

நகம் வெட்டுவது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவதில் ரத்தமும் நரம்பும் ஓடுகின்றன, அதைத் தொடவே கூடாது. அதற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் முன்னாலேயே, வெறும் நுனியை மட்டும் வெட்டுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஒரே நாளில் 18-ஐயும் முடித்துவிடும் வீரம் வேண்டாம், இரண்டு நகம் வெட்டி ஒரு தின்பண்டம் கொடுத்து விட்டுவிடுங்கள். முன்காலின் உள்பக்கம் தரையில் படாத ஒரு விரல் இருக்கும், அதை மறக்காதீர்கள். வயதான பூனைகள் சரியாகப் பிறாண்டாது, உறை கழலாமல் நகம் தடித்து வளைந்து பாதச் சதையிலேயே குத்திவிடும். நகத்தொல்லை தாங்காமல் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது நகத்தை எடுப்பதல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுப்பது. பல நாடுகளில் தடையே உண்டு.

மற்ற பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. இறைச்சி சார்ந்த உணவு கட்டாயம், ஏனென்றால் டாரின் என்ற சத்து போதாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடாது. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாய்க்கான உண்ணி மருந்தும் வேண்டாம். மணல் தட்டை தினமும் சுத்தம் செய்யுங்கள், எத்தனை பூனையோ அதைவிட ஒன்று அதிகமாக வையுங்கள்.

உண்மையிலேயே ஓட வேண்டிய சமயம் வேறு. ஆண் பூனை திரும்பத் திரும்ப மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, ஆனால் சிறுநீர் சொட்டுக்கூட வரவில்லை என்றால் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் அப்போதே கிளம்புங்கள்.