குதிரை வாங்கச் சந்தைக்குப் புறப்படுமுன்

ஆடி மாதத்தில், ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்ப்பவர்களுக்கு, நாமும் ஒன்று வாங்கிக் கட்டினால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் குதிரையின் விலை ஒருமுறை கொடுத்துத் தீர்ந்துவிடும்; நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதால், தீனிக்கும் லாடத்திற்கும் மருத்துவத்திற்கும் ஆகும் செலவு வாங்கியவரை நெடுங்காலம் விடாது.

எனவே, சந்தைக்குப் போகுமுன் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் குதிரைக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர். மற்றவர் குதிரைக் குளம்பைச் சீவி லாடம் கட்டத் தெரிந்தவர். குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. வயிற்றுவலி கண்டால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த நேரத்தில் வரக்கூடிய மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், குதிரை வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. குளம்பு 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீவப்பட வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எல்லோருக்கும் அந்த வேலை கைவந்துவிடாது.

அடுத்து, எதற்காக வாங்குகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். சவாரி பழகத் தொடங்குபவருக்கு எட்டு வயதைத் தாண்டிய, பலர் ஏறிப் பழகிய பெண் குதிரையோ காயடித்த குதிரையோதான் பொருத்தம். குட்டியாக வாங்கினால் நம்மோடு பழகிவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்; பழக்கத் தெரியாதவரிடம் வளரும் குட்டி, கடிக்கவும் உதைக்கவும்தான் கற்றுக்கொள்ளும். சந்தைக்கு வரும் ஆண் குதிரைகளில் பல காயடிக்கப்படாதவை. அவை அனுபவசாலிகளுக்கு உரியவை. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பானது.

வயதை விற்பவர் சொல்லிக் கேட்பதைவிடப் பல்லைப் பார்த்து அறிவதே முறை. முன்வெட்டுப் பற்களில் நடுவில் உள்ளவை ஏறத்தாழ இரண்டரை வயதிலும், அவற்றை அடுத்தவை மூன்றரை வயதிலும், ஓரத்தில் உள்ளவை நாலரை வயதிலும் பால்பல் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பத்து வயதை ஒட்டி, மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் ஈறை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளக்கோடு தோன்றும். அது 15 வயதளவில் பல்லின் பாதி வரையும், 20 வயதளவில் முழு நீளத்திற்கும் இறங்கியிருக்கும். வயது கூடக் கூட, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும் இடம் முன்னோக்கிச் சாய்ந்துகொண்டே போகும். இவை எல்லாம் தோராயமான கணக்குகளே. எனினும் ஏழு வயது என்று சொல்லப்படும் குதிரையின் பல்லில் பாதி வரை கோடு இறங்கியிருந்தால், அதற்குமேல் விலை பேச வேண்டியதில்லை.

கால்களுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முழங்காலிலிருந்து கணு வரை, பின்பக்கத் தசைநாரின் மீது உள்ளங்கையை மெல்ல வழித்து இறக்கி, இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒன்றில் மட்டும் சூடோ வீக்கமோ இருப்பது கைக்குத் தெரிந்துவிடும். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும்; அடிக்குளம்பில் முக்கோணமாக உள்ள மென்மையான பகுதி அழுகல் நாற்றத்துடன் கருத்துக் கசிந்தால், கட்டுத்தறி நெடுநாளாக ஈரமாகக் கிடந்திருக்கிறது என்று பொருள். குளம்பின் வெளிச்சுவரில் உள்ள வளையங்கள் குதிகால் பக்கம் அகன்று விரிந்திருந்தால், முன்பு குளம்பழற்சி, அதாவது குளம்பின் உட்பகுதி அழன்று வலிக்கும் நோய், வந்திருக்கக்கூடும். பிறகு, கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, கெட்டியான தரையில் நேராக ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னங்கால் ஒன்றில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் குதிரை தலையை மேலே தூக்கும். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்து விற்பவர்களும் உண்டு. ஆகவே, முதல் பார்வையிலேயே முன்பணம் கொடுத்துவிடாமல், சில நாள் கழித்து முன்கூட்டிச் சொல்லாமல் மீண்டும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. போய்ச் சேரும்போதே உடம்பு வியர்த்திருந்தால், முரட்டுத்தனம் அடங்கும் வரை ஓட்டிக் களைக்கச் செய்திருக்கிறார்களோ என்றும் ஐயப்பட வேண்டும்.

சுழி பார்ப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் ஆகாது என்றும், கழுத்தில் நீண்ட சுழி இருந்தால் யோகம் என்றும் மார்வாரி வளர்ப்போரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. மயிர் சுழன்று கிடப்பதற்கும் குதிரையின் நலத்திற்கும் தொடர்பு இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் நம்மிடமிருந்து நாளை வாங்கப் போகிறவர் அதை நம்பலாம். ஆகவே, சுழியைக் காட்டி விலை ஏற்றினால் ஒத்துக்கொள்ளாமலும், சுழி சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட நல்ல குதிரை மலிவாகக் கிடைத்தால் விடாமலும் இருப்பது லாபம். நிறத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: மூக்கும் கண்ணோரமும் இளஞ்சிவப்பாக உள்ள வெள்ளைக் குதிரை ஊர்வலத்திற்கு அழகாக இருந்தாலும், நம் வெயிலில் அதன் தோல் எளிதில் வெந்துபோகும், நிழலில்லாத இடத்தில் அதைக் கட்டக்கூடாது.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் எந்தக் குதிரையையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கிளாண்டர்ஸ் என்னும் தொற்று மனிதருக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடியது. உறுதி செய்யப்பட்ட குதிரைக்குச் சிகிச்சை அளிக்காமல் கருணைக்கொலை செய்வதே நம் நாட்டில் நடைமுறை. இதற்கான பரிசோதனையில் முன்னோடியாக இருப்பது ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். மாதிரியை எப்படி அனுப்புவது என்பதை உங்கள் மருத்துவரே சொல்வார். விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடு குதிரை மெலிந்துகொண்டே போனால், கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா நோய்க்கும் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீனியில்தான் மாடு வளர்த்துப் பழகியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு அளவுக்கு உலர் தீவனம் வேண்டும். அதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். மாட்டுக்காக வளர்க்கும் கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே நெடுநாள் கொடுத்தால், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டு எலும்பைப் பலவீனமாக்கும். இளஞ்சோளப் பயிரில் நச்சு இருக்கும். கோழித்தீவனத்தில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்து சிறிதளவே உள்ளே போனாலும் குதிரையைக் கொன்றுவிடும் என்பதால், கோழிப்பண்ணை உள்ளவர்கள் தீவன மூட்டைகளைத் தனி அறையில் பூட்டி வைக்க வேண்டும். கொள்ளை ஊறவைத்து அளவோடு கொடுக்கலாம். தண்ணீர் 25 முதல் 45 லிட்டர் வரை, கோடையில் அதற்கு மேலும் தேவைப்படும். லாயம் 12 அடிக்கு 12 அடி இருந்தால் போதும். நாள்தோறும் சேரும் 15 கிலோவுக்குக் குறையாத சாணத்தை எங்கே கொட்டுவது என்பதையும் முன்னதாகவே யோசித்து வையுங்கள்.

பேரம் முடிந்ததும், இதுவரை அந்தக் குதிரைக்கு என்ன தீனி, எந்த நேரத்தில், எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதே தீனியில் பத்து நாளுக்கு வேண்டியதை விற்பவரிடமே வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புதியதைக் கூட்டி வந்தால்தான் வயிறு தாங்கும். வீட்டில் வேறு குதிரைகள் இருந்தால், புதிதாக வந்ததை மூன்று வாரமாவது தனியே கட்டி, அதற்கென்று தனி வாளியும் தேய்ப்பானும் வைத்துக்கொள்ள வேண்டும்.